சீனி எரியும் இடம்

கரும்பலகையில் நான் எழுதியதை நானே படிக்க முடியாமல் போனபோது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணிலும் மெல்லப் படர ஆரம்பித்திருந்தது. பிள்ளைகளின் கொப்பிகளை மூக்கில் ஒட்டிவைத்துத் திருத்துவேன். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்றார் கண் டொக்டர். ஆனால் என் இரத்தத்தில் இருந்த சீனியின் அளவைப் பார்த்ததும், "இத கொறச்சிட்டு வாங்க. இப்ப கை வச்சா புண்ணு லேசுல ஆறாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை போனபோதும் அதே பதில்தான். படிப்பிக்க முடியாத டீச்சராக வீட்டில் முடங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

மாத்திரைகளை ஒழுங்காகத்தான் விழுங்கினேன். அது போதாதென்று நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதையும் செய்தேன். செவ்வாயும் வெள்ளியும் விரதம். மற்ற நாட்களில் அரை ரொட்டியும் சீனி போடாத தேத்தண்ணியும். உடம்பு மளமளவென்று இளைத்தது, சட்டைகள் தொளதொளத்தன. கோயிலடியில் பார்த்தவர்களெல்லாம் "டீச்சர் நல்லா மெலிஞ்சிட்டீங்க" என்று பாராட்டினார்கள். பாராட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. சீனிதான் இறங்க மாட்டேன் என்றது. பள்ளிக்கூடப் படியேறினாலே முழங்கால் வெடவெடத்தது.

டிக்கோயாவில் கிளினிக்குக்குப் போன ஒரு நாள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இளம்பெண்ணிடம் என்னை அனுப்பினார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்னாள். எவ்வளவு முயன்றும் முடியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

"சீனிய இழுத்து எரிக்கிறதே சதைதான் டீச்சர்" என்றாள். "நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் அது பாட்டுக்கு கொஞ்சம் எரிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க பட்டினி கெடந்து கொழுப்போட சேத்து சதையையும் கரைச்சிட்டீங்க. அடுப்ப ஒடச்சிப் போட்டுட்டு வெறகு எரியலன்னா எப்புடி? முட்டை, பருப்பு, நெத்தலின்னு நல்லா சாப்பிடுங்க. பாரம் தூக்குங்க. கண் டொக்டர்கிட்ட நான் கேட்டுட்டேன், தூக்கலாமாம். தூக்கும்போது மூச்ச மட்டும் அடக்காதீங்க."

பாரமா? தேயிலைக் கொழுந்துக் கூடைக்குப் பிறந்தவளிடம் பாரத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா! மறுநாள் காலையிலேயே அம்மாவின் பழைய கூடையில் கல்லை நிரப்பி, எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பெண்ணைத் தூக்கிவிடச் சொல்லி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் மேலும் கீழும் நடந்தேன். ஒரு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது.

கிளினிக்கில் இதைக் கேட்டு அந்த உடற்பயிற்சிப் பெண் வயிறு குலுங்கச் சிரித்தாள். "சுமக்கச் சொல்லல டீச்சர், தரையிலேருந்து தூக்கி எறக்கச் சொன்னேன். தொடையும் இடுப்பும் முதுகும்தான் பெரிய சதை. வேலைய அதுங்களுக்குக் குடுங்க."

எங்கள் மலையில் ஒருவர் தூக்கிவிடுவார், மற்றவர் சுமப்பார். பாரம் என்றால் அதுதான் என்று நினைத்துவிட்டேன். கூடையை மூலையில் போட்டுவிட்டு, இரண்டு பெயின்ட் வாளிகளில் மண்ணை நிரப்பினேன். குனியாமல் குந்தி எழும்பப் பழகினேன்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வுபெற்று என்னோடு இருக்கிறார். "பொம்பள பாரம் தூக்குனா அடிவயிறு எறங்கிரும்டி" என்றார் முதலில். நான் கேட்கவில்லை என்றதும் குரல் உடைந்தது. "நீ நெழல்ல ஒக்காந்து திங்கணும்னுதானே நான் மழையிலயும் குளிர்லயும் தூக்குனேன்? இப்ப நீயே தேடிப்போயி தூக்குறியே."

அது என்னைச் சுட்டது. "நீங்க தூக்குனதாலதாம்மா என் வயசுல உங்களுக்கு சீனி இல்ல" என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லயத்தில் பேச்சுக்குப் பஞ்சமா? "டீச்சர் கட்டட வேலைக்குப் போகப் போறாங்களோ?" என்றார் ஒருவர். "சாந்து கொழைக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, வாறேன்" என்றேன். பனி கொட்டும் காலையிலும் தூக்கினேன். கை கொப்பளித்தால் துணி சுற்றிக்கொண்டு தூக்கினேன். மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்த அன்று, ஆளில்லாத வகுப்பறையில் திரும்பத் திரும்ப எழுந்து உட்கார்ந்து சிரித்தேன்.

சீனி அவசரப்படவில்லை. ஒரு கிளினிக்கில் சற்று இறங்கியது, அடுத்ததில் நின்றது, அதற்கடுத்ததில் மறுபடி இறங்கியது. மாத்திரை, சாப்பாடு, வாளி, மூன்றும் சேர்ந்துதான் இறக்கின. மூன்றாம் முறை போனபோது கண் டொக்டர் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண் கட்டைப் பிரித்தபோது ஜன்னலுக்கு வெளியே மலையில் தேயிலைச் செடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. அழுகை வந்தது, கண்ணுக்கு ஆகாதென்று அடக்கினேன். "சில வாரங்களுக்கு பாரம் தூக்கவே கூடாது" என்றார் டொக்டர். "அதுக்கப்பறம் எப்பருந்து தூக்கலாம்?" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். கோப்பை நடுங்கியது. அவர் கையைப் பார்த்தேன். தோளிலிருந்து வெறும் தோல் மட்டும் தொங்கியது, தொடை இருந்த இடத்தில் சேலைதான் இருந்தது. இத்தனை நாளும் என் மங்கிய கண்ணுக்கு அவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அதே அம்மாவாகவே தெரிந்திருக்கிறார். வேலையை நிறுத்தியபின் அடுப்படியில் உட்கார்ந்தே அவர் கரைந்துகொண்டிருந்ததை ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தவர் மறுபடி எழும்பக் கதவைப் பிடித்தார்.

"கதவ விடுங்கம்மா. கைய ஊனாம எந்திரிங்க."

"எதுக்குடி?"

"எந்திரிங்க."

பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். தூக்கிவிட என் கை பரபரத்தது. டொக்டர் சொன்னது ஞாபகம் வந்து, விழுந்தால் தாங்கிக்கொள்ளப் பக்கத்துக் காம்பிராப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினேன். இரண்டாம் தடவையும் முடியவில்லை. வாய்க்குள் என்னைத் திட்டினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, என்னை முறைத்தபடியே எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவ" என்றேன்.