சாய்ப்ரியா சோதித்த சாஃப்ட்வேர்

ஒரு பங்குச் சந்தை புரோக்கர் அலுவலகத்தில் பல வருஷம் டெர்மினலில் ஆர்டர் போட்டவள் சாய்ப்ரியா. மகள் கல்லூரிக்குப் போன பிறகு வேலையை விட்டுவிட்டு, துடியலூர் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து, சொந்தமாக ஆப்ஷன் வியாபாரம் செய்தாள். யாராவது எதையாவது நல்லது என்று சொன்னால், "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்பாள். அந்தக் கேள்விக்காகவே சிலருக்கு அவளைப் பிடிக்காது.

போன வருஷம் சென்னகிருஷ்ணன் புதிதாக ஒரு ஆப்ஷன் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். அந்த வட்டார டிரேடர்களின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவர். சாஃப்ட்வேர் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்டும் அவர்தான்.

"ஒருக்கா ஓட்டிப் பாத்துப்போட்டு, நம்ம குரூப்பு கூட்டத்துல நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க அம்மணி."

"ஓட்டிப் பாக்கறேனுங்ணா. என்ன சொல்றதுன்னு அப்பறம் பாக்கலாம்."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. எந்த விலையில் லாபம், எங்கே நஷ்டம் என்று சட்டெனப் படம் வரைந்து காட்டியது. சந்தை அமைதியாக இருந்த நாட்களில் ஆர்டரும் தடங்கலின்றிப் போனது. அவளுக்கு அது போதவில்லை. ஆப்ஷன்களின் கெடு முடிந்து விலைகள் தாறுமாறாக ஓடும் எக்ஸ்பைரி நாளன்று, சிறிய அளவில் ஒரு ஆப்ஷனை விற்று, அதற்குக் காப்பாக இன்னொன்றை வாங்கி வைத்தாள். பிறகு, இரண்டையும் ஒன்றாக முடித்துவிடும் பட்டனை அமுக்கினாள்.

காப்பு முதலில் போய்விட்டது. விற்றது காப்பில்லாமல் அப்படியே நின்றது; விலை எகிறினால் நஷ்டம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அவசரமாகப் புரோக்கர் ஆப்பைத் திறந்து அதைக் கையால் முடித்தாள். அடுத்த எக்ஸ்பைரியிலும் அதே கதை.

கூட்டத்தில் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். திரையைப் பதிவு செய்த வீடியோவையும் போட்டுக் காட்டினாள்.

சென்னகிருஷ்ணன் முகம் சுருங்கியது. "உங்க ஊட்டு நெட்டு ஸ்லோவா இருந்திருக்குமுங்க."

"அதே நெட்டுலதானுங்ணா புரோக்கர் ஆப்புல முடிச்சேன்."

"கம்பெனில சரி பண்ணிப்போடுவாங்க. அதை எதுக்கு இப்ப எல்லாத்துக்கும் முன்னால..."

"பண்ணட்டுமுங்க. அன்னைக்கு நானே வந்து சரியாயிருச்சுன்னு சொல்றேன். இன்னைக்கு வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன்."

சாயங்காலமே அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். கம்பெனியிலிருந்தும் போன் வந்தது: ஒரு வருஷம் இலவசமாகத் தருகிறோம், வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

"சும்மா குடுத்தாலும் அந்தப் பட்டனை நம்பி அமுக்க மாட்டேனுங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

"நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் கணவர் நஞ்சுண்டன்.

"பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். பாத்ததைச் சொன்னேன். இதுல என்னங்க வம்பு?" கேட்டவர்களுக்கெல்லாம் வீடியோவை அனுப்பினாள்.

சில மாதம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது. சொந்தச் செலவில் சந்தா கட்டி மறுபடி சோதித்தாள். இப்போது விற்றது முதலில் முடிந்தது, காப்பு பிறகு. சென்னகிருஷ்ணனை அவளே போனில் கூப்பிட்டாள்.

"பட்டன் சரியாயிருச்சுங்ணா."

"அதைக் குரூப்புல ஒரு வார்த்தை போட்டுருங்களேன் அம்மணி. சேத்திவிடறேன்."

"போடறேனுங்ணா. ஆனா விலை மாறுனா எச்சரிக்கற அலர்ட் லேட்டாத்தான் வருது. அதையும் சேத்தித்தான் போடுவேன்."

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. சேர்த்துவிட்டார். அவள் இரண்டையும் எழுதினாள்.