இரண்டு சிவப்பு, ஒரு சுவர்

பெயின்ட் அடிக்க வந்த பாஸ் சுவரில் இரண்டு சதுரம் பூசிவிட்டு எது என்று கேட்டார். இரண்டும் சிவப்பு. ஒன்று மாதுளை முத்தின் நிறம், மற்றது அதைவிடக் கொஞ்சம் இருட்டு. காய்ந்த பிறகு சொல்கிறேன் என்றேன். காய்ந்தது. வெயில் தாழட்டும் என்றேன். தாழ்ந்தது. பள்ளியில் அஸர் பாங்கும் சொல்லிவிட்டார்கள். ஏணியில் சாய்ந்தபடி அவர் என்னைப் பார்த்த பார்வையில், என்னைக் கட்டப்போகிறவர்மீது இரக்கம் தெரிந்தது.

உண்மையில் எனக்கு எந்தச் சிவப்பும் வேண்டாம். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு, பெற்றவர்கள் பின்பக்கம். இது உம்மாவும் வாப்பாவும் படுக்கும் அறை. நான் நிறத்தைச் சொன்னால் சுவர் பூசப்படும், அவர்களுடைய கட்டில் சமைக்கும் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்புக்குப் போய்விடும். அறை பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தது. அதுவரை அறை தயாராகாமல் இழுத்தடித்தால் என்ன என்று இருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சின்ன அறையில் இருக்கிறோம் என்று முன்பே சொல்லிப் பார்த்தேன். ஊர் என்ன கதைக்கும் என்று உம்மா வெட்டிவிட்டார். அவருக்கும் இந்த அறையை இப்படித்தான் கொடுத்தார்களாம். எனக்கு ஊர்மீதும் ஆத்திரம், உம்மாமீதும் ஆத்திரம்.

கடைசியில் வாப்பா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டும் ஒண்டுதானே மகள். ஒண்டச் சொல்லிடுங்க, மனிசன் ஊட்டுக்குப் போகணும்."

"ஒண்டில்ல வாப்பா" என்றேன்.

அவர் கட்டிலின்மேல் மூடியிருந்த பழைய சாரன் துணியை உருவித் தோளில் போட்டார். தலைமாட்டுப் பக்கத்தை அவர் பிடிக்க, கால்மாட்டைப் பாஸ் பிடித்தார். கட்டிலைச் சரித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். இனி எதை வைத்துத் தடுப்பது? பாஸ் திரும்பி வந்ததும், இருட்டானதையே அடியுங்கள் என்றேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பூசி முடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு வெறும் நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. உம்மா கையில் பிளேன்டீயோடு வந்து நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பெயின்ட் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அவர் திறந்த கதவை விரலால் மெல்லத் தட்டினார்.

"உள்ளுக்கு வரட்டா மகள்?"