பன்னிரண்டாவது பாத்தி

முன் அனுபவம் என்ற கட்டத்துக்கு நேராக 'இல்லை' என்று எழுதியது நான்தான். பச்சை மையில், அடிக்கோடு வேறு போட்டு.

அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கப்பலூரில் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, நாங்கள் திருவாதவூரை விட்டு வண்டியூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாடியில் ஒரே அறை. இரண்டு பெயிண்ட் டப்பாவில் மண் நிரப்பி அம்மா மிளகாய்ச் செடி வைத்திருந்தாள். தளத்தில் தண்ணீர் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதும் அதுவும் போயிற்று.

எங்கள் தெருக்கோடியில், பூங்காவுக்கென்று விட்டுவைத்து எல்லோரும் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலி இடம் ஒன்று உண்டு. தெருக்காரர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, பன்னிரண்டு பாத்தி பிரித்து, தோட்டக் குழு ஒன்று தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் உறுப்பினர் பெயரும் செடியின் பெயரும் எழுதிய ஒரு சின்னப் பலகை. என் வகுப்பில் இரண்டு பேர் வீடுகள் சேர்ந்துவிட்டன. "எங்க வீடும்தான்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லியிருந்தேன். ஆகவே சேர்ந்தே ஆக வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து வேலை முழுக்க என் துறை. கரண்ட் பில்லிலிருந்து ரேஷன் கடைப் பலகை வரை நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். முன் அனுபவம் உண்டா என்று கேட்டபோது அம்மா சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்லன்னு போடு. தோட்டத்தப் பத்தி நமக்கு என்ன தெரியும். நான் கண்டதெல்லாம் வயக்காட்டு வேல."

எனக்கும் அது சரியாகவே பட்டது. தோட்டம் என்பது தொப்பி போட்டுக்கொண்டு செய்வது. வயல் வேலை வேறு.

அனுபவம் இல்லாதவர்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்து, கோடு போட்ட நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து சொல்லுவார். அம்மாவை நான் முன்வரிசையில் உட்காரவைத்தேன். முதல் பாடம், மண்வெட்டி பிடிப்பது எப்படி.

"பயப்படாதீங்கம்மா. கால்ல பட்டுராம இப்படி, மெதுவா."

"சரிங்க சார்" என்று அம்மா அவர் காட்டியபடியே பிடித்தாள். அப்படிப் பிடித்து அவளால் ஒரு கொத்துக்கூடக் கொத்த முடியவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்று அவர் தைரியம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவை அதட்டிக்கொண்டு வந்தேன்.

"கவனிச்சாத்தானம்மா வரும்."

"கவனிக்கத்தான்டா செய்றேன். அவரு பிடிக்கிற பிடி கைக்கு வரமாட்டேங்குது."

நாற்று நடும் நாளைச் செயலாளர் ஒரு விழாவாகவே ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் பாத்தியில் முதல் நாற்றை நட வேண்டும். போட்டோ எடுக்கப்படும். அவரவர் விருப்பப்படி செடியின் பெயர் பலகைகளில் எழுதியாகிவிட்டது. எங்கள் பலகையில் மட்டும் அம்மா பெயர்தான் இருந்தது. செடி எதுவென்று கேட்டதற்கு, 'பிறகு சொல்கிறேன்' என்றிருந்தாள்.

அன்று காலை தண்ணீர் தெளிக்கும் முறை எங்களுடையது. விடிந்ததும் விடியாததுமாகப் போனோம். முந்தின நாளே வந்து இறங்கிய நாற்றுக் கட்டுகள் வேலியோரம் தலை தொங்கிக் கிடந்தன. அம்மா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"புடுங்குன நாத்த இம்புட்டு நேரம் போட்டு வப்பாகளா. சாயங்காலம் வரைக்கும் தாங்காது." சேலையை இழுத்துச் செருகினாள். "டே, பலகையப் படி."

படித்தேன். தக்காளி. கத்தரி. மிளகாய். மறுபடி தக்காளி. குனிந்தவள் நிமிரவில்லை. நடவுக்குப் போகிறவர்களுக்கு வயலின் மறுகரைதான் முடிவு. நடுவில் நின்று இது யாருடைய பங்கு என்று பார்க்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அவள் பின்னால் நகர்ந்துகொண்டே போக, நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே போனேன். குழுவுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறோம் என்று எனக்கு ஒரே குஷி.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கையில் உறை, தலையில் தொப்பி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத களைக்கொத்தி. பதினொரு பாத்திகளிலும் நாற்றுகள் கயிறு பிடித்த மாதிரி வரிசையாக, தலை நிமிர்ந்து நின்றன.

"எம்பாத்தியில நான் நடணும்னுதானே ஊருக்குக்கூடப் போகாம இருந்தேன்" என்றார் பேங்க்கில் வேலை பார்க்கும் அக்கா, அழாத குறையாக.

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "வாடிப்போயிருமேன்னு வச்சிட்டேன் சார். வேணும்னா எல்லாத்தையும் புடுங்கித் தந்துர்றேன். அவுகவுக வச்சுக்கிரட்டும்."

செயலாளர் ஒரு பாத்தியருகே உட்கார்ந்து, நாற்றின் அடிமண்ணை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து எங்கள் விண்ணப்பத்தை எடுத்தார்.

"முன் அனுபவம் இல்லைன்னு போட்டிருக்கு. இது யாரு எழுதினது?"

"நான்தான் சார்." குழுவை விட்டு நீக்கப்போகிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா என்பது வரை யோசனை போயிற்று.

"அவன வையாதீங்க சார். நாஞ் சொல்லித்தான் எழுதுனான். தோட்டம் நான் போட்டதே இல்ல. நடவுக்குத்தான் போவேன்."

"எத்தன வருசமா?"

அம்மா யோசித்தாள். "பால்பல்லு விழுந்ததுலருந்து."

செயலாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மண்வெட்டிப் பாடம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முதலில் அவர்தான் சிரித்தார், அப்புறம் பேங்க் அக்கா. கடைசியில், போட்டோவுக்காகப் பாத்திக்கு ஒரு நாற்றைப் பிடுங்கி அதே குழியில் மறுபடி நட்டார்கள். பதினொன்றும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்தன. ஒவ்வொன்றாக அம்மா நிமிர்த்திவைத்தாள்.

"உங்க பாத்தி மட்டும் ஏம்மா காலியா கெடக்கு?" என்று அப்போதுதான் செயலாளர் கேட்டார்.

"அதுல செடி பேரு எழுதலையே சார்."

"என்ன வைக்கப் போறீங்க?"

"நீங்க எது சொன்னாலும் வச்சிருவேன்."

"நல்லா இருக்கே. உங்க பாத்திக்கு நான் எப்படிம்மா சொல்றது?"

அம்மா என்னைப் பார்த்தாள். கத்தரி என்று சொல்லும்படி நான் கிசுகிசுத்தேன். "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள்.

நாளை வந்து போயிற்று. பதினைந்து நாளுக்குள் நடாத பாத்தி, காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்பது விதி. அதை வீட்டில் படித்துக்காட்டியதும் நானே. அம்மா தினமும் போவாள். வெறும் மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். தக்காளியா என்றால், எல்லாரும் வச்சிருக்காகளே என்பாள். மிளகாயா என்றால், பாப்பம் என்பாள்.

"பத்து ஏக்கரு வாங்கிப் போட்டவ மாதிரியில்ல ஒங்கம்மா யோசிக்கிறா" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் நாள் அழுதே விட்டேன்.

பதினான்காம் நாள் சாயங்காலம், ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி நாற்றோடு அம்மா வந்து என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பிரித்துப் பார்த்தால் கனகாம்பரம்.

"பூவா? இதத் திங்க முடியாதேம்மா."

"முடியாதுல்ல" என்றாள், அதில் ஏதோ பெருமை இருப்பதைப்போல. "எழுது."

பலகையில் அவள் பெயருக்குக் கீழே எழுதினேன். இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு நாற்றாக, அவசரமே இல்லாமல் நட்டாள்.

'வேலையும் நாளும்' கணக்கில் அந்த வருடம் வகுப்பிலேயே நான்தான் முதல். பதினொரு பாத்தியை ஒரு காலையில் நடுகிற ஆளுக்கு ஒரு பாத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று, பலகையின் பின்பக்கத்தில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம்கூட வரவில்லை. பதினான்கு நாள் எப்படி ஆயிற்று என்று பிடிபடாமல், சொந்த வேலை என்றால் அம்மா கொஞ்சம் மந்தம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். என்ன நடலாம் என்று அதற்கு முன் எந்த வயலிலும் அவளை யாரும் கேட்டதில்லை என்பது, அந்தக் கணக்கில் எங்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.