சிவப்பைத் தொட்ட முள்

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க வைத்திருப்பது ஒரு லாரியின் டெம்பரேச்சர் மீட்டர். உள்ளங்கை அகலம். கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழை விரிசல். முள் இடது கோடியில் படுத்திருக்கிறது. வலது கோடியில் சிவப்புப் பட்டை. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஓட்டுநருக்குக் காட்டுவது இதன் வேலை. கொடுத்தவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுபவர்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மாமா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் டீசல் லாரியை ஓட்டினார். ஊறுகாய் ஜாடிகளையும் பியூஸ் கட்டைகளையும் வைக்கோல் பொதிந்து ஏற்றி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அந்த லாரியின் முள் வழியில் திடீர் திடீரென்று சிவப்புக்குப் போகும். போன மறுகணமே மாமா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுவார். அரைமணி நேரம் கழித்துக் கிளப்பினால் முள் நடுவில் நிற்கும். அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. முன்பு வேறொருவரிடம் ஓட்டியபோது, சிவப்பைப் பார்த்தும் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டியிருக்கிறார். எஞ்சின் உள்ளே இறுகி, சீஸ் ஆகி நின்றுவிட்டது. வேலையும் அதோடு போயிற்று.

மெக்கானிக் முதலில் மீட்டரை மாற்றினார். அப்போது கழற்றிப் போட்டதுதான் இது. புதிய மீட்டரின் முள்ளும் குதித்தது. பிறகு தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார்கள், ரேடியேட்டரை இறக்கிக் கழுவினார்கள். பட்டறையில் மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்த்தால் முள் நடுவை விட்டு அசையாது. பாரத்தோடு சாலைக்கு வந்தால் பழைய கதை. சரக்கு தாமதமாகிறது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். முதலாளி எனக்குப் பழக்கமானவர். ஒருநாள் டீக்கடையில், "ஒங்க மாமாவுக்குப் புளியமரத்து நெழலப் பாத்தா எஞ்சினு சூடாயிடுதுங்க. நல்லா தூங்கிட்டு வராரு. திங்கக்கெழம சாவிய வாங்கிடப் போறேன்" என்றார். நான் சிரித்தேன். இரு தரப்பையும் கேட்காமல் பத்திரிகைக்கு ஒரு வரியும் அனுப்பாத தாலுகா நிருபர் என்று பெயர் எடுத்திருந்தவன், இந்த விஷயத்தில் ஒரு தரப்பைக் கேட்டதோடு நம்பிவிட்டேன்.

அக்கா நம்பவில்லை. "எவன் எவன் வூட்டு சங்கதியோ நேர்ல போயிப் பாத்து எழுதுற. இவரு கூட ஒரு நட போயிப் பாக்க மாட்டியா?" என்றாள். திங்கட்கிழமைக்கு முந்தைய கடைசி நடை சனிக்கிழமை காலையில். ஏறிக்கொண்டேன். தொழிற்கூடத்தின் சூளை மேஸ்திரியும் ஏறினார். சேத்தியாத்தோப்பில் அவர் மகள் வீடு. கெடு விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாமாவிடம் கேட்டார்.

"முள்ளு ஏற எம்மா நேரமாவுது டிரைவரே?"

"எங்க ஏறுது? ஒரே குதிதான்."

"எறங்க?"

"அதுக்குள்ள நான் அணைச்சிடுறனே."

"நம்ம சூளையில நெருப்பு ஏற ஒரு நாளு, ஆற ரெண்டு நாளு. சூடு குதிச்சி நான் பாத்ததில்ல. இந்தவாட்டி அணைக்காம பாரு."

"எஞ்சினு போச்சின்னா?"

"எம்மொவ வூட்டுல ஒனக்கும் சோறு போடச் சொல்றேன்."

மாமா மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

சேத்தியாத்தோப்புப் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றினார். பாரத்தை இழுத்த எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறுமியது. முள் சிவப்பில் இருந்தது. அது ஏறியதை நான் பார்க்கவில்லை. நடுவில் இருந்தது, பிறகு சிவப்பில் இருந்தது, அவ்வளவுதான். மாமாவின் கை சாவிக்குப் போயிற்று. "திருப்பாத," என்றார் மேஸ்திரி. கை சாவியின் மேலேயே நின்றது. விரல் நுனிகளில் தோல் உரிந்து தழும்பேறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாலத்தின் உச்சியைத் தாண்டி ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் தளர்ந்ததும் முள் சட்டென்று நடுவுக்கு விழுந்தது.

"தண்ணி இம்மாஞ் சீக்கிரத்துல ஆறாது," என்றார் மேஸ்திரி. "மீட்டரும் புதுசு. பொய் சொல்றது ஒயரு."

பாலம் இறங்கியதும் வண்டியை நிறுத்தி, எஞ்சினிலிருந்து மீட்டருக்கு வரும் ஒற்றை ஒயரை மாமா விரலால் நீவிக்கொண்டே போனார். ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் அதன் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பாரம் இழுக்கையில் எஞ்சின் சாயும்; அப்போது அந்தச் செம்பு தகட்டில் பட்டு, மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்து, முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. பட்டறையில் சும்மா ஓடும் எஞ்சின் அப்படிச் சாய்வதில்லை. சாவியைத் திருப்பினால் எந்த முள்ளும் விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் உடனே திருப்பியவர், அது தானாக விழுவதை ஒருமுறையும் பார்த்ததில்லை. பயந்து அணைத்ததுதான் அவருக்கு உண்மையை மறைத்தது. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு முள் குதிக்கவில்லை.

வழியில் விரல்களைப் பற்றிக் கேட்டேன். "ரேடியேட்டர் மூடி மாப்ள. ஆறிச்சா ஆறிச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாப்பேன். அந்த அரமணி நேரமும் அதான் வேல," என்றார். அந்த விரல்களால் அவர் சோறு பிசைவதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதலாளி, "ஒரு ஒயருக்கா இம்மாங் கூத்து!" என்று சிரித்துவிட்டுச் சாவியை அவரிடமே விட்டார். தூங்கினார் என்று சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. நானும் சிரித்ததற்குத் திருத்தம் எதுவும் வெளியிடவில்லை.

மாமா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் தாள்களின் மேலிருக்கும் மீட்டரை எடுத்துத் துண்டால் துடைப்பார். "இதுமேல ஒரு குத்தமும் இல்ல மாப்ள. விசாரிக்காமயே கழட்டிப் போட்டுட்டாங்க," என்பார். அந்த டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.