மாத்திரைக்கு ஒரு நாள், ரம்முக்கு ஒரு நாள்

பட்டாளத்தில் பதினேழு வருஷம் டியூட்டி பட்டியல் போட்டவன் நான். ஊருக்கு வந்ததும் பிரஷர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "இதையும் சரக்கையும் சேத்து எடுக்கக் கூடாது" என்றார். சேர்த்துத்தானே கூடாது? காலண்டரில் பிரித்து எழுதிவிட்டேன். புதனும் சனியும் கேண்டீன் ரம், மற்ற நாளெல்லாம் மாத்திரை. இவ்வளவு ஒழுங்காகக் குடிக்கிறவன் வன்னியம்பட்டியில் வேறு எவன் என்று பெருமை வேறு.

வீட்டில் சும்மா இருந்தால் பெண்டாட்டி கறிவேப்பிலை வாங்க விரட்டிக்கொண்டே இருப்பாள். ராஜபாளையம் மில்லில் வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப் போட்டேன். தொப்பி, விசில், கேட்டில் ஆளுக்கொரு வணக்கம். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். மெடிக்கல் டெஸ்டில் பிரஷர் சரியாக இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள்.

மெடிக்கல் வியாழக்கிழமை. முந்தின நாள் புதன். பட்டியலை மீறுகிற பழக்கம் எனக்கில்லை. வேலை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றிக்கொண்டேன். காலையில் லேசாகப் பயம் வந்தது. நேற்றைய பாக்கியையும் சேர்த்து இரண்டு மாத்திரையாக விழுங்கினேன். "துணைக்கு நானும் வாரேன்" என்று பெண்டாட்டியும் பஸ் ஏறினாள்.

மில் டாக்டர் உள்ளே வந்ததும் பெஞ்சிலிருந்து விருட்டென்று எழுந்து சல்யூட் அடித்தேன். கை நெற்றிக்குப் போனது தெரியும். அடுத்துத் தெரிந்தது மேலே சுற்றிய ஃபேன்.

"பிரஷர் ரொம்ப எறங்கிக் கெடக்கு. நேத்து என்ன சாப்டீங்க?"

"இட்லி சார்."

"பொய் சொல்லாதிய" என்றாள் பெண்டாட்டி. "நேத்து ரம்மு சார். குடிக்கிற அன்னைக்கு மாத்திர போட மாட்டாக. இன்னைக்குக் காலைல ரெண்டா முழுங்கிட்டாக."

காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நாள் பிரிக்க இது என்ன வாய்க்கால் தண்ணியா? மாத்திரைய விட்டா பிரஷர் ஏறும். நேத்துக் குடிச்சதோட ரெண்டு மாத்திரையும் சேந்தா, எந்திரிச்ச ஆளக் கீழ தள்ளிரும். மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. விட வேண்டியது குடிய."

வேலை இல்லை என்று எழுதிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில், "உன்னாலதாண்டி எல்லாம் போச்சு" என்று எகிறினேன். ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்லுகிறவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பார்டர்ல நின்ன காலத்துலகூட, உங்களுக்கு ஒண்ணு ஆகும்னு நா நெனச்சதே இல்ல. இன்னைக்கு நீங்க கீழ கெடந்ததக் கண்ணால பாத்துட்டேன்."

பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.