ஒருவரும் கேட்கக் கூடாத ஏலம்

1. பச்சைச் சட்டை

முதல் நாள் வேலைக்குப் போனபோது என் கையில் ஒரு பொலிஸ் உடுப்பைத் தந்தார்கள். கடும் பச்சை நிறம், கழுத்தை இறுக்கும் கொலர், வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். கூடவே மரத்தில் செய்த, சுடாத ஒரு துவக்கு. வெளியே சிட்னிக் கோடை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

டூங்கபியிலிருக்கும் என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் போனால் அந்தப் பூங்கா வரும். பழைய காலக் கிராமங்களை அப்படியே கட்டிவைத்து, ஆட்களை விட்டு நடித்தும் காட்டுவார்கள். அதில் ஒரு மூலை ஐரிஷ் கிராமம். கூரை வேய்ந்த மூன்று கல்வீடு, ஒரு சந்தை, ஒரு தேநீர்க்கடை, ஒரு பசுமாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐர்லாந்துக் குடியானவர்கள் எப்படிக் கலகம் செய்தார்கள், பொலிஸ் அவர்களை எப்படி அடக்கப் பார்த்தது என்பதை அங்கே தினமும் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவோம். அதற்கு முன் நான் குளிரூட்டிய கிடங்கொன்றில் பெட்டி தூக்கினேன். தூக்கித் தூக்கி இடுப்பு நாரி விட்டுப்போனதால் இந்த வேலைக்கு வந்தேன்.

நாடகத்தை எழுதியவர் பிரெண்டன். கலகக்காரர் தலைவனாக நடிப்பவரும் அவரே. அவருடைய முன்னோர் ஐர்லாந்திலிருந்து வந்தவர்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழில் போடுகிறேன். ஐரிஷ்காரன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறானே என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

"யோகா, இஞ்சை எல்லாருக்கும் கலகக்காரராத்தான் நடிக்க வேணுமாம். ஒருத்தரும் பொலிஸா நிக்கினமில்லை."

"எல்லாரும் ஐரிஷ் ஆக்களோ?"

"ஆர் சொன்னது? அந்தா நிக்கிற ஹர்ஜீத் பஞ்சாபி. அவனும் தன்ர பூட்டனார் அநியாயத்துக்கு எதிரா நிண்டவர் எண்டு சொல்லிக் கலகத்துக்கு எழுதிப்போட்டான். நீதான் கடைசியா வந்தனீ. நீ பொலிஸ்."

என்னுடைய இளமைக் காலம் முழுவதும், உடுப்புப் போட்டவனைக் கண்டவுடன் அடையாள அட்டையை எடுத்து நீட்டிய கை இது. உடுப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். எதிரில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். என் கை தன்பாட்டில் அட்டையைத் தேடிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சிரிப்பு வந்தது.

2. குசினிக்குள் மாடு

கதை இதுதான். அந்தக் காலத்தில் ஐர்லாந்தின் குடியானவர்கள் தாங்கள் கும்பிடாத தேவாலயத்துக்கும் வரி கட்டவேண்டும். கட்டாதவனின் மாட்டைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சங்கடம் இருந்தது. பூட்டிய வாசற்கதவை உடைக்கக் கூடாது. பொழுதுபட்ட பிறகு மாட்டைப் பிடிக்கக் கூடாது. ஆகவே சனங்கள் பகல் முழுவதும் மாட்டை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, யன்னலால் பொலிஸைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள்.

எங்கள் மாட்டின் பெயர் மோலி. கலகக்காரர் அவளைக் குசினிக்குள் தள்ளிக் கதவை மூடுவார்கள். நான் துவக்கோடு வெளியே நின்று, "சட்டத்தின் பெயரால் கேட்கிறேன், கதவைத் திற" என்று கத்தவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "பூ" என்று ஊளையிடுவார்கள். அந்த ஊளை எவ்வளவு பெரிதோ, அன்றைய வேலை அவ்வளவு திறம் என்று அர்த்தம்.

பிறகு மாடு பிடிபடவேண்டுமே. அதற்கு என் சட்டைப் பையில் ஒரு கரட் இருக்கும். மோலி மணம் பிடித்து, கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு தானாகவே வந்து கைதாகிவிடுவாள். ஒருநாள் கரட்டோடு என் சட்டைப் பையையும் சேர்த்துத் தின்றுவிட்டாள்.

3. கிரஹாமின் நோய்

அடுத்தது ஏலம். நாடகத்தின் உச்சமே அதுதான். மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். ஏலக்காரர் விலை கேட்பார். ஊரே கூடி நிற்கும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைய ஐர்லாந்தில் உண்மையாகவே அப்படித்தான் நடந்ததாம். கேட்க ஆளில்லாவிட்டால் சட்டம் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். பார்வையாளர்களிடம் பிரெண்டன் முன்கூட்டியே ஆங்கிலத்தில் சொல்லிவைப்பார்: "நீங்கள்தான் ஊர்ச்சனம். மூச்சு விடக்கூடாது." அந்த மௌனத்துக்கு நடுவில் பொலிஸ்காரனாகிய நான் முழுசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

ஏலக்காரராக நடித்தவர் கிரஹாம். அவர் ஓய்வுபெற்ற வீட்டு ஏலக்காரர். சிட்னியில் சனிக்கிழமை என்றால் தெருவுக்குத் தெரு வீடு ஏலம் நடக்கும், உங்களுக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அதில் ஊறிய மனுசனைக் கொண்டுவந்து, ஒருவரும் கேட்காத ஏலத்தைத் தினமும் நடத்த வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் முகம் வாடித்தான் வீட்டுக்குப் போவார்.

"யோகா, எனக்கு இது நடிப்பில்லை. நெஞ்சுக்குள்ள குத்துது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

4. மட்டைப் பொலிஸ்

நான் அப்போதும் கஷுவல்தான், கூப்பிடும் நாளில் மட்டும்தான் வேலை. குளிர்காலத்தில் சனம் குறைந்தால் ரொஸ்ரர் என்ற வேலைப் பட்டியலிலிருந்து முதலில் வெட்டுவது என் பெயரைத்தான். "அடுத்த கிழமை வேலை இருக்கோ இல்லையோ எண்டு வெதர் ரிப்போர்ட் பாத்துச் சொல்லுற மனுசனைக் கட்டியிருக்கிறன்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அந்த நேரத்தில் ஷெரில் என்ற புது மனேஜர் வந்தார். செலவைக் குறைக்கவேண்டும் என்றார். அவருடைய யோசனை, பொலிஸ்காரனை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் தடித்த காகித மட்டையில் வெட்டிய ஒரு பொலிஸ் உருவத்தை வைப்பது. முகம் இருக்கும் இடத்தில் ஓட்டை. வருகிறவர்கள் அதற்குள் தலையை விட்டுப் படம் எடுக்கலாம். சத்தத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

"சனிக்கிழமை நானே வந்து நாடகத்தைப் பாக்கிறன்" என்றார் என்னிடம். "ஒண்டில் உன்னைப் பெர்மனன்ற் ஆக்கிறன், இல்லாட்டி மட்டைக்கு ஓடர் குடுக்கிறன்."

மாம்பழப் போட்டியில் தோற்ற பிள்ளையாரின் தம்பியாவது மயில் ஏறிப் போனார். மட்டையோடு போட்டி போட்டுத் தோற்றால் நான் எதில் ஏறிப் போவது? பகிடியாகச் சொல்கிறேன், ஆனால் அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை டூங்கபி முதியோர் சங்கம் பஸ் பிடித்து வந்து இறங்கியது. என்னை உற்சாகப்படுத்த மனைவி செய்த வேலை. இறங்குவதற்கே நேரம் சென்றதால் பிரெண்டனின் முன்னறிவிப்பு முழுவதும் அவர்களுக்குத் தவறிவிட்டது. கதிரைகளில் வந்து உட்கார்ந்தபோது மோலி ஏற்கனவே சந்தையில் நின்றாள். பின்வரிசையில் ஷெரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கிரஹாம் விலை கேட்டார். மௌனம். மறுபடியும் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் வழக்கம்போல் தலையைக் குனிந்தேன். எல்லாம் திறமாகப் போய்க்கொண்டிருந்தது.

சங்கத்தில் தங்கேஸ்வரி அன்ரி என்று ஒருவர். எங்கள் கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் விடும்போது ஒருவரும் கேட்காமல் போனால், ஏலம் விடுகிறவருக்கு அதைவிட அவமானம் இல்லை. அப்படி நடக்க அன்ரி ஒருநாளும் விட்டதில்லை.

"இதென்ன சனம்?" என்று அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "எங்கட பொடியன் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறான், ஒருத்தரும் கேக்கினமில்லை." குடையைத் தூக்கினார். "ஐஞ்சு."

கிரஹாமின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாலைவனத்தில் மழை கண்டவர்கூட அவ்வளவு மலர்ந்திருக்கமாட்டார்.

"ஐஞ்சு ஷில்லிங் கேக்கினம்" என்று தொடங்கினார். நாக்கு தன் பழைய வீட்டு ஏல ஓட்டத்தைப் பிடித்துவிட்டது. "வடக்குப் பாத்த மாடு, நாலு காலும் நல்ல கொண்டிஷன், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, ஸ்ரேசனுக்கு நடை தூரம். ஆர் பத்து?"

"பத்து" என்றார் சங்கத் தலைவர் பரமலிங்கம் அங்கிள். போன திருவிழாவில் மாம்பழத்தை அன்ரியிடம் கோட்டை விட்டவர் அவர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் ஓடிப்போய் அன்ரியின் காதுக்குள் சொன்னேன். "அன்ரி, கேக்கக் கூடாது. இது நாடகம்."

"நாடகமெண்டாலும் ஏலம் ஏலம்தானே. நீ பேசாம நில் தம்பி. இருபது."

"ஓய், நிப்பாட்டு" என்று பிரெண்டன் பல்லுக்குள் உறுமினார். கிரஹாம் அவரைப் பார்த்து, "அந்தத் தொப்பிக்காரர் கேக்கிறீங்களோ?" என்றார். கடைசியில் சுத்தியலை அடித்து மோலியைத் தங்கேஸ்வரி அன்ரிக்கு விற்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையைப் பார்த்தேன். ஷெரில் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். மட்டைக்கு ஓடர் போய்விட்டது என்று நினைத்தேன்.

6. ரோல்ஸ்

பிரெண்டன் சும்மா விடுகிற ஆளல்ல. பறிமுதல் செய்த மாட்டை வாங்கியவரை ஐரிஷ் ஊர்கள் ஒதுக்கிவைக்கும். ஒருவரும் பேசமாட்டார்கள், ஒரு கடையிலும் சாமான் கொடுக்கமாட்டார்கள். அவர் ஒரு பீப்பாயில் ஏறி நின்று, "இந்த அம்மாவோடு இனி ஒருவரும் பேசக்கூடாது" என்று பிரகடனம் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அன்ரிக்கு முதுகைக் காட்டினார்கள்.

அன்ரி நேரே தேநீர்க்கடைக்குப் போனார். கடையில் நின்ற பெட்டை நல்ல நடிகை. "உங்களுக்குத் தேத்தண்ணி இல்லை" என்றாள்.

"ஓ, அப்பிடியே" என்றார் அன்ரி.

டூங்கபி முதியோர் சங்கத்தைத் தேத்தண்ணியால் மடக்க நினைத்தவர்கள், அவர்களுடைய பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழே பாய் விரிந்தது. ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக இஞ்சித் தேத்தண்ணி வந்தது. மட்டன் ரோல்ஸ் வந்தது, சனிக்கிழமை விரதக்காரருக்கு மரக்கறி ரோல்ஸ் தனியாக வந்தது, கட்லட் வந்தது. மோலியும் வாழைப்பழ மணத்துக்கு வந்து அன்ரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் கட்சி மாறியவர் கிரஹாம். பிறகு ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது, பிறகு வகுப்பே திரும்பிவிட்டது. ஹர்ஜீத் வந்து, மரக்கறியா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். தேநீர்க்கடைப் பெட்டை கடையை மூடிவிட்டு வந்தாள். பீப்பாயில் பிரெண்டன் மட்டும் மிஞ்சினார்.

"பாவம், அந்தப் பொடியனுக்கும் குடு. வேர்த்துப்போய் நிக்கிறான்" என்று அன்ரி என்னிடம் ஒரு தட்டைத் தந்தார். பொலிஸ் உடுப்போடு போய்க் கலகக்காரர் தலைவனுக்கு ரோல்ஸ் நீட்டினேன். அவர் குனிந்து அதை மோந்து பார்த்தார்.

"மட்டனோ?" என்றார்.

"ஓம்."

கீழே இறங்கிவிட்டார்.

எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை. அன்ரிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஏன் அன்ரி கேட்டனீங்கள்?"

"நீ தனிய நிண்டனீ. அவ்வளவு சனமும் உன்னைப் பாத்துக்கொண்டு பேசாம நிக்குது. எங்கட ஆளை அப்பிடி விட ஏலுமே?"

"அந்தச் சனம் பேசாம நிண்டதும் தங்கட ஆளுக்காகத்தான் அன்ரி. மாட்டைப் பறிகுடுத்தவனுக்காக."

அன்ரி ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். "அப்ப ரண்டு பகுதியும் சரிதானே. ரோல்ஸ் ஆறுது, சாப்பிடு."

7. பாடம்

பின்னேரம் ஷெரில் கூப்பிட்டார். உடுப்பைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்.

"அந்த அம்மா நீ ஒழுங்கு செய்த ஆளோ?" என்றார்.

"இல்லை. என்னைக் காப்பாத்த வெளிக்கிட்டவ."

ஷெரில் தன் திரையை என் பக்கம் திருப்பினார். மட்டைக்கான ஓடர் அதில் பாதியில் நின்றது. "இதை அனுப்ப வெளிக்கிட்டனான். ஆனா ஒரு சனமும் எழும்பிப் போகேல்லை, எல்லாரும் அந்த அம்மாவோட நிண்டு சிரிச்சினம்" என்றார். "மட்டை நிண்டிருந்தா அவ குடையைத் தூக்கியிருப்பாவோ?"

அடுத்த கிழமையிலிருந்து நான் பெர்மனன்ற். காருக்குள் இருந்து நன்றாக அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று என் கார் நின்ற இடத்துக்கு வந்த பிரெண்டன் ஒரு விசயம் சொன்னார். அந்தக் காலத்து ஐரிஷ் பொலிஸ்காரர்களில் அனேகம் பேர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தானாம். ஆனால் ஒருவனையும் அவனுடைய சொந்த மாவட்டத்தில் வேலைக்குப் போடமாட்டார்களாம். ஏன் என்று எனக்கு அவர் விளக்கவேண்டியிருக்கவில்லை. சொந்த ஊரில் போட்டால் எங்கேயாவது ஒரு அன்ரி இருப்பார். அன்ரி இருக்கிற ஊரில் எந்தச் சட்டமும் நாடகத்தில் எழுதினபடி நடக்காது.