போனது நாற்பத்திரண்டு

தாம்பரத்தில் பெண்களுக்கென்று நடந்த ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எண்பதுகளின் பிற்பாதியில் நான் சேர்ந்தபோது வளாகத்தில் ஆண்கள் மூன்றே பேர்: வாட்ச்மேன், கிளார்க், நான். பயன்பாட்டின்படி பார்த்தாலும் அதுதான் வரிசை. வாட்ச்மேனுக்குப் பாம்பு அடிக்கத் தெரியும். கிளார்க்குக்கு டைப் அடிக்கத் தெரியும். எனக்குத் தெரிந்தது இருபடிச் சமன்பாடு. அதை யாரும் அவசரத்துக்குக் கூப்பிட்டதில்லை.

அதனாலேயே, பிள்ளைகள் வெளியே போகும்போது தலை எண்ணும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார் தலைமையாசிரியை. கணக்குப் படித்தவனுக்கு எண்ணத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது துறைக்குள் எல்லாருக்கும் தெரியும். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. விடுதியில் சேரும் அன்றே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சலவை நம்பர். பாவாடை, தாவணி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் அதைத் தைத்திருக்க வேண்டும். வெளியே கிளம்பும்போது அதே வரிசையில் நின்று அவரவர் நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு விடுதிப் பெண்களுக்கு ஒன்று முதல் நாற்பத்துமூன்று வரை நம்பர் உண்டு. ஆட்கள் மட்டும் நாற்பத்திரண்டு. இருபத்தேழு இல்லை.

இருபத்தேழாம் நம்பர் பெண் காலாண்டு விடுமுறைக்கு ஊரப்பாக்கம் போனவள், திரும்பவில்லை. ஊரப்பாக்கம் தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். அங்கிருந்து தினமும் வந்துபோகலாம். ஆனால் அவள் அப்பா நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுச் செங்கல் ஜல்லி வியாபாரத்தில் நிமிர்ந்தவர். மகள் விடுதியில் படிக்கிறாள் என்று சொல்வதில் அவருக்கு ஒரு கௌரவம் இருந்தது. பிரசவத்தில் அவள் அம்மா படுத்துவிட்டதும் கௌரவம் இறங்கி வந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஒரு மாதம் மட்டும் என்று மகளை நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மாதம் ஜனவரி வரை நீண்டது.

நடுவில் ஒரு புதுப்பெண் சேர்ந்தபோது, இருபத்தேழு சும்மாதானே இருக்கிறது, அதைக் கொடுத்துவிடலாமே என்று மேட்ரனிடம் யோசனை சொன்னேன். மேட்ரன் இரும்புலியூர்க்காரர். தலைமையாசிரியை உட்பட எல்லாருக்கும் அவர் அக்கா. ஊசியில் நூல் கோத்தபடி நிமிராமலே பதில் சொன்னார்.

"காலியா ஒண்ணும் இல்ல சார். ஆளு ஊருக்குப் போய்கீது."

புதுப்பெண்ணுக்கு நாற்பத்துமூன்று கிடைத்தது.

அந்த ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் எழுதும் கடிதங்களை ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகே தபாலில் சேர்ப்பார்கள். அந்த வாரம் என் முறை. இருபத்தாறாம் நம்பர் பெண், ஊரப்பாக்கத்துத் தோழிக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதியிருந்தாள். நலம் விசாரித்த ஒரு வரி போக மீதியெல்லாம் கணக்கு. 'சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தாம்பரத்திலிருந்து நாற்பத்திரண்டு பெண்கள் ரயிலில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் புறப்படுகிறார்கள். ஒரு பெண் ஊரப்பாக்கத்திலிருந்து நடந்து புறப்படுகிறாள். வாசலில் அவர்களைச் சந்திக்க அவள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?'

படிப்பை விட்டுப்போன தோழிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று நெகிழ்ந்து போனேன். என் கற்பித்தல் பலன் தந்ததற்கு அதுவரை வேறு சான்று கிடைத்ததில்லை. ஒரே ஒரு குறைதான். சிவப்பு மையால் ஓரத்தில், 'வேகம் தரப்படவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே தபால் பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை தாம்பரத்தில் எண்ணினேன். இருபத்தாறு, இருபத்தெட்டு என்று தாண்டிப் போகும்போது வழக்கம்போல் நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி விட்டார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு. துணைக்கு அக்கா வந்தார்.

மிருகக்காட்சி சாலையில் சிங்கம் தூங்கியது. புலி தூங்கியது. நீர்யானை விழித்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. மதியம் மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து எண்ணினேன். நாற்பத்துமூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும் அதுதான். எண்ணுகிறவன் முகம் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்பன்கள்.

குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளி விதிகளில் ஒரு பக்கம் இருந்தது. கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. என் தவறாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஆனாலும் நோட்டில் நாற்பத்துமூன்று என்றே எழுதினேன். அக்கா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதப் பொட்டலங்கள் எல்லாருக்கும் சரியாக இருந்தன. ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டியிருந்தால் மட்டுமே அது சரியாக இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாலை வண்டலூர் ஸ்டேஷனில் நம்பர் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபத்தாறு என்றது ஒரு குரல். அடுத்து, மூச்சு இடைவெளி இல்லாமல், இருபத்தேழு.

நிமிர்ந்து பார்த்தேன். நின்றிருந்தாள். நான்கு மாதத்தில் வளர்ந்திருந்தாள். பாவாடையின் ஓரத்தை அவிழ்த்து இறக்கிவிட்டும் கணுக்காலுக்கு மேலேயே நின்றது. பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரிந்தது. மற்ற நாற்பத்திரண்டு பேரும் எதிர் பிளாட்பாரத்தில் எதையோ உற்றுப் பார்த்தார்கள். அக்கா தண்டவாளத்தைப் பார்த்தார்.

தையற்கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். ஐந்து மணிக்குள் போய்விட வேண்டுமாம், தம்பி எழுந்துவிடுவான். ஒருநாள் வரிசையில் நிற்கவேண்டும் போலிருந்தது, அதற்குத்தான் வந்தாளாம். அழவில்லை. அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் நம்பர யாருக்காச்சும் குடுத்துட்டீங்களாக்கா?"

"உன் நம்பர எவளுக்குடி குடுப்பேன்," என்றார் அக்கா.

செங்கல்பட்டு வண்டி முதலில் வந்தது. அவள் அதில் ஏறி ஊரப்பாக்கம் போனாள். நாங்கள் எதிர்த்திசையில் தாம்பரம். போனது, திரும்பியது என்று இரண்டு கட்டமிருந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மதியம் எண்ணியதை அழித்துவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"எண்ணுனத எழுதுங்க சார். அதானே உங்க வேல."

எழுதினேன். போனது நாற்பத்திரண்டு, வண்டலூரில் நாற்பத்துமூன்று, திரும்பியது நாற்பத்திரண்டு. தலைமையாசிரியை படித்து முடிக்கும்வரை என் ராஜினாமா கடிதத்தின் முதல் வரியை மனதில் திருத்திக்கொண்டிருந்தேன். நடந்ததை அக்கா நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். தலைமையாசிரியை என்னைத்தான் பார்த்தார்.

"மூணு தடவை எண்ணினீங்களா சார்?"

"ஆமாம் மேடம்."

"அப்ப நம்ம பொண்ணு ஒருத்திய வண்டலூர்ல விட்டுட்டு வந்திருக்கீங்க."

பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்தப் பெயரை அவர் அடிக்கவே இல்லை. எதிரே 'விடுப்பு' என்று மட்டும் இருந்தது.

மறுநாள் காலை மூவரும் ஊரப்பாக்கத்தில் இருந்தோம். செங்கல் அடுக்குகளுக்கு நடுவே இரும்பு நாற்காலியில், ஆய்வுக்கு வந்த அதிகாரி போல உட்கார்ந்தார் தலைமையாசிரியை. மகள் கதவோரம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். பொய் சொல்லிவிட்டு வந்தது தெரிந்தால் அந்த அப்பா இனி வாசற்படி தாண்ட விடமாட்டார். அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தலைமையாசிரியை பொய்யைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நேற்றைய சுற்றுலாவில் உங்கள் மகளும் எங்கள் வரிசையில் இருந்தாள், பொறுப்பாகத் திரும்ப அழைத்து வராதது எங்கள் தப்பு, குறிப்பாக இந்த சாருடைய தப்பு என்றார். நான் தலை குனிந்தேன். எனக்கு அது நன்றாக வரும்.

"கணக்கு சார் எண்ணினா தப்பாது. எங்க பள்ளிக்கூடத்துல போனதுல ஒண்ணு குறைஞ்சு வந்ததில்ல. குறைஞ்ச ஒண்ண அழைச்சிட்டுப் போக வந்திருக்கேன்."

அப்பா என் நோட்டை வாங்கி, லாரிச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். லோடில் ஒரு கல் குறைந்தால் விடாத மனிதர். மகளைத் திட்ட வாயெடுத்தவர், அந்த மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அப்புறம் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டார்.

"ஆளு வைங்க. இவ ஆளு இல்ல, படிக்கிற பொண்ணு," என்றார் தலைமையாசிரியை.

இரும்புலியூரிலிருந்து தன் நாத்தனார் காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் போவாள், நேற்றே பேசிவிட்டேன் என்றார் அக்கா. அப்பா இன்னும் யோசித்தார். அப்போது உள்ளேயிருந்து, அதுவரை நாங்கள் பார்த்திராத அம்மாவின் குரல் வந்தது.

"கூட்டினு போங்க மேடம். நான் எழுந்து நடந்துகினுதான் இருக்கறேன். இவருதான் நம்ப மாட்டேங்கறாரு."

நான் இலக்கியமெல்லாம் படித்தவன். வீராங்கனைகளைப் பற்றி நிறையவே படித்திருக்கிறேன். அவர்களில் ஒருத்திகூட அடுத்த நாள் ஆகாரத்துக்கு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டியதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் இருபத்தேழு என் மேஜைக்கு வந்து அந்த இன்லண்ட் லெட்டரை வைத்தாள். என் சிவப்பு மைக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: 'தூரம் நான்கு கிலோமீட்டர். நேரம் ஐம்பது நிமிடம். வேகம் 4.8.'

"மைல்கல்லப் பாத்துக்கிட்டே நடந்தேன் சார்," என்றாள்.

போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வேகத்துக்கு அலகு எழுதவில்லை. அரை மதிப்பெண் குறைத்தேன்.